என் வாசலில் தொட்டி வேண்டாம்

1

நேற்றுக் காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு முடித்த கையோடு கிராணி ஒரு காகிதத்தை விரித்தார். பெரட்டு என்றால் விடிவதற்குள் தோட்டத்து ஆட்களெல்லாம் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் இடம். கிராணி என்றால் ஆபீஸில் எழுதுகிறவர். இந்த நாலைந்து வருஷத்தில் நல்ல சேதி எதுவும் காகிதத்தில் வந்து நான் பார்த்ததில்லை.

இது நல்ல சேதிதானாம். ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்து, எங்கள் தோட்டத்துக்குப் புதுத் துரை ஒருவர் வந்திருக்கிறார். அவர் எங்கள் வரிசை வீடுகளை, அதாவது லயத்தை, சுற்றிப் பார்த்தாராம். வீடுகள் களையிழந்து கிடக்கின்றனவாம். ஆகவே ஒவ்வொரு வீட்டு முன்வாசலிலும் படிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று செடித்தொட்டி வைக்க வேண்டும். மாதக் கடைசியில் துரைசாணி வந்து பார்ப்பார். நல்ல வாசலுக்குப் பரிசு உண்டு.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பரிசு எனக்குத்தான் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

"என் வீட்டை விட்டுடுங்க கிராணியாரே. என் வாசல்ல தொட்டி வைக்கமாட்டேன்" என்றேன்.

"என்னம்மா இது? தொட்டின்னாலே நீங்கதானே லா?"

"அதனாலதான் வைக்கமாட்டேன்."

"காரணம் எழுதணும்மா. துரை கேப்பாரு."

"எழுதறதுக்கு உங்ககிட்ட இருக்கிற காகிதம் பத்தாது."

முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போனேன். எனக்கு ஆயாக் கொட்டகையில் வேலை. தாய்மார் ரப்பர் மரம் சீவப் போகும்போது அவர்களுடைய பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொள்வது. மத்தியானம் வீடு திரும்பினால் துறையூரிலிருந்து என் தம்பியின் கடிதம் வந்து கிடக்கிறது. தபால் ஓட ஆரம்பித்த பிறகு அவன் எழுதும் மூன்றாவது கடிதம். ஊரில் ஒரு வாசகசாலை ஆரம்பித்து மாத இதழ் ஒன்று நடத்துகிறானாம். "அக்கா, யுத்தத்தைப் பற்றிப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீ கெடாவில் இருப்பது தோட்டமாயிற்றே. பூச்செடி, வாசல் அலங்காரம் என்று பெண்கள் விரும்பிப் படிக்கிற மாதிரி மென்மையாக ஏதாவது எழுது" என்கிறான்.

மென்மையாக! ஒரே நாளில் துரையும் தம்பியும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி அல்லவா இருக்கிறது? சரியப்பா. வாசல் அலங்காரம்தானே, எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் என்னைத் திட்டக் கூடாது.

2

முதலில் ஒன்று. இது பூந்தோட்டம் இல்லை. மலாய் நாட்டில், கோலா கெத்தில் என்ற ஊரிலிருந்து ஆறு கல் உள்ளே, வானம் தெரியாமல் கித்தா மரம். அதாவது ரப்பர். நடுவில் வெட்டவெளியில் நாற்பது வீட்டு லயம். வீடு என்றால் ஓர் அறை, ஒரு குசினி, முன்னால் இரண்டு படி. படிக்கு முன்னால் சாக்கடை. அதைத் தாண்டினால் செம்மண் பாதை. நாற்பது வாசலும் ஒரே அச்சு. வந்த புதிதில் நான் இரண்டு தடவை அடுத்த வீட்டுக்குள் நுழைந்து குசினி வரை போயிருக்கிறேன்.

அந்த அலுப்பில்தான் தொட்டி வைக்க ஆரம்பித்தேன். ஊர்ப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். துறையூரில் எங்கள் வாசலில் எருமை கட்டவே இடம் பற்றாது. இதில் செடி எங்கே வைப்பது? இங்கே வந்துதான், கிராணி வீட்டு வாசலைப் பார்த்து எனக்கு ஆசை வந்தது. மண்ணெண்ணெய் டின்னை மேலே வெட்டி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சுண்ணாம்பு பூசி, காவியில் பட்டை அடித்தால் தொட்டி. பால் வடியும் பீங்கான் கோப்பையை நாங்கள் மங்கு என்போம். விரிசல் விட்ட மங்குகளை என் வீட்டுக்காரர் ஸ்டோரிலிருந்து கொண்டுவருவார். அவருக்கு அங்கே ரப்பர் தகடு காயவைக்கும் புகைக்கூண்டில் வேலை. மங்குகளில் பட்டுரோஜா, டின்களில் காசித்தும்பையும் குரோட்டனும் வைத்தேன். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால். வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவேன்.

"இந்த வாசலுக்குப் போடற பூச்சுல பாதியை மூஞ்சிக்குப் போட்டா நானும் ரெண்டு நாழி பாத்துக்கிட்டு உக்காருவேன்" என்பார் அவர்.

"பாக்கறதுக்குத் தொட்டி இருக்கில்ல, அதையே பாருங்க" என்பேன்.

ஜப்பான்காரன் வந்த சில மாதங்களில் முதல் உத்தரவு வந்தது. பூ, அலங்காரம் எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கமாம். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு மரவள்ளி நட வேண்டும். பெரட்டில் கன்னத்தில் அறை வாங்கியவர்களைப் பார்த்திருந்ததால் நான் வாதாடவில்லை. குரோட்டனைப் பிடுங்கும்போது மட்டும் அழுதேன். அரிசி கிடைக்காத ஊரில் குரோட்டனுக்காக அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெண்டாங் வயல் பக்கத்து அரிசி ஒரு சுண்டு, ஒரு பால் டின் அளவு, கிடைத்தால் அன்றைக்கு எங்களுக்குத் தீபாவளி. மற்ற நாளெல்லாம் மரவள்ளி. காலையில் அவித்து, மத்தியானம் மசித்து, இரவில் கஞ்சியாக.

கடிகாரத்தையும் மாற்றினார்கள். டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் கெடாவிலும் மணி. சூரியனுக்கு யாரும் உத்தரவு எழுதவில்லை. அது பாட்டுக்குப் பழைய நேரத்தில்தான் வந்தது. நாங்கள் கும்மிருட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு பெரட்டில் நின்றோம். என் மகள் மரகதத்துக்கு அப்போது ஆறு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'அ' எழுத வருவதற்கு முன்னால் ஜப்பான் பாட்டு வந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால் ஜப்பான் பாஷையில் "ஹாய்!" என்று விறைத்து நின்று இடுப்பை வளைத்துக் கும்பிடுவாள். பெற்ற தாயிடம்! ஓங்கி ஒன்று வைக்கலாம் என்று கை வரும். ஆனால் பள்ளியில் அப்படிச் செய்யாவிட்டால் அவளுக்கு அங்கே அடி விழும். கையை மடக்கிக்கொண்டு கிழங்கைத் தட்டில் போடுவேன்.

பிறகு இரண்டாவது உத்தரவு. பெரிய ராணுவ அதிகாரி ஒருவர் தோட்டத்தைப் பார்க்க வருகிறார். லயம் அழகாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு பக்கமும் செடித்தொட்டி, ஒரே உயரத்தில்!

பிடுங்கச் சொன்னவர்களும் இவர்களேதான். பிடுங்கியதை எங்கே போய்த் தேடுவது? கேட்டால் அறை. கோபத்தில் எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோபத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. மறுபடி தொட்டி வைக்கலாமே!

3

அதே சமயத்தில்தான் சயாம் பேச்சு.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை, அரிசிச் சோறு, நல்ல சம்பளம் என்று சொல்லி முதல் லாரி எங்கள் தோட்டத்திலிருந்து போயிருந்தது. மூன்று மாதம் ஆறு மாதமானது. ஒருவரும் திரும்பவில்லை. ஒரு வரிக் கடிதம் இல்லை. தப்பி வந்த யாரோ ஒருவர் கோலா கெடா துறைமுகத்தில் படகுக்காரர்களிடம் சொன்னதாக ஒரு சேதி மட்டும் வாய்வழியாக வந்தது. காட்டில் வாந்திபேதியாம், புதைக்க ஆள் இல்லையாம். அடுத்த லாரிக்கு யாரும் பேர் கொடுக்கவில்லை. ஆகவே பேரை அவர்களே எழுதினார்கள். என் வீட்டுக்காரர் பேரும் அதில் இருப்பதாகப் பாப்பாத்தி அக்கா வந்து சொன்னாள். அவள் பக்கத்து வீடு. அவளுடைய புருஷன் முதல் லாரியில் போனவர்.

என்றைக்கு லாரி வரும் என்று தெரியாது. விடிகாலையில் கங்காணி வீட்டுக்கே வந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போவார். கங்காணி என்றால் ஆட்களை மேய்க்கிறவர். ஒவ்வொரு விடியலிலும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். அவர் போகக் கூடாது. அந்த நாட்களில் எனக்கு வேறு பிரார்த்தனையே இல்லை.

இதற்கு நடுவில் தொட்டி உத்தரவுக்கும் ஏதாவது செய்தாக வேண்டும். லயம் முழுவதும் தேடியும் பூச்செடி ஒன்று இல்லை. மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் மட்டும் பழம் உதிர்ந்து கன்றுகள் காடாக முளைத்து நின்றன. முழங்கால் உயரத்தில் ஒரே அளவாக இரண்டைப் பார்த்துத் தோண்டிவந்தேன். பழைய டின்களைத் தேய்த்துச் சுண்ணாம்பு பூசி, காவிப்பட்டை அடித்து, படிக்கு இரண்டு பக்கமும் வைத்தேன். நுனியைக் கிள்ளிவிட்டேன், குடை மாதிரி அடர்ந்து வரட்டும் என்று.

அவர் வேலை முடிந்து வந்து வாசலில் நின்றார்.

"என்ன புள்ள இது, வாசல்ல வேப்பிலை? பாக்கறவன் என்ன நெனைப்பான்?"

"பச்சையா இருந்தாப் போதும்னு நெனைப்பான். வேற செடிக்கு எங்க போறது?"

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை இருந்தால் அந்த வீட்டில் அம்மை. ஆத்தா வந்திருக்கிறாள், வெளியாள் உள்ளே வரக் கூடாது, உள்ளிருப்பவர் வெளியே போகக் கூடாது. இதெல்லாம் எனக்கும் தெரியாததல்ல. ஆனால் அது செருகி வைக்கிற கொத்து, இது டின்னில் நிற்கிற செடி என்று என் புத்திக்குப் பட்டது. வேறாகத்தான் பட்டது, சத்தியமாக.

மூன்றாம் நாள் விடிகாலையில் செருப்புச் சத்தம் வந்தது. கங்காணி, கூட இரண்டு ஆள். சாக்கடைக்கு அந்தப் பக்கம் வந்ததும் சத்தம் நின்றது. நான் கதவைத் திறந்தேன். கங்காணி என்னைப் பார்க்கவில்லை. என் தொட்டிகளைப் பார்த்தார். பார்த்தவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். ஆடித் திருவிழாவில் வருஷா வருஷம் கரகம் தூக்குகிறவர் அவர்.

"யாருக்குத் தங்கச்சி?" என்றார் மெதுவாக.

எனக்கு ஒரு விநாடி புரியவில்லை. அடுத்த விநாடி புரிந்தது.

"புள்ளைக்கு அண்ணே. நேத்துத்தான் முத்து போட்டுச்சு."

"ஆத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "யாரும் வெளிய வராதீங்க. அவரையும் வெளிய விடாத. நான் ஆபீஸ்ல சொல்லிக்கிறேன்."

செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டே போய்விட்டார். அம்மை என்றால் ஜப்பான்காரனுக்கும் உதறல். அந்த லாரி என் வீட்டுக்காரர் இல்லாமல் போனது.

கதவை மூடிக்கொண்டு நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகை வந்தது. பெற்ற பிள்ளையின் பேரில் ஆத்தாளை வைத்துப் பொய் சொல்லிவிட்டேனே என்று சுவரில் தலையை மோதிக்கொண்டேன். "தாயே, அவள் உடம்பில் ஒரு முத்துப் போட்டுவிடாதே, இந்த இரண்டு செடியையும் கடைசி வரை வாசலை விட்டு எடுக்காமல் தண்ணீர் ஊற்றுகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். ஆபத்தில் வாயில் வந்ததை வேண்டிக்கொள்கிற பழக்கம் என்னோடே ஒழியட்டும்.

4

பொய்யைச் சொல்லுவது சுலபம், வைத்துக் குடித்தனம் நடத்துவதுதான் பாடு. குசினியில் தாளிக்கக் கூடாது. தாளிக்க எண்ணெய் இருந்தால்தானே, அது ஒரு கவலை மிச்சம். தலை சீவக் கூடாது. பாப்பாத்தி அக்கா சாக்கடை ஓரத்தில் கூழை வைத்துவிட்டு, "முத்து எறங்கிச்சா?" என்று குரல் கொடுப்பாள். உள்ளே மரகதம் படுத்துக் கிடக்க வேண்டியவள், ஜப்பான் பாட்டை எடுத்து விடுவாள். வாயைப் பொத்துவேன். "ஜுரத்துல பெனாத்துறா அக்கா" என்று கத்துவேன். ஆத்தா வந்த பிள்ளை ஜப்பான் மொழியில் பிதற்றுகிறாள் என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஒருத்தி அதற்கு அர்த்தம் கேட்டு வரச்சொல்லி ஆள் அனுப்பினாள்!

மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்க வேண்டிய நாளும் வந்தது. முடித்தால் அவர் வெளியே போக வேண்டும். ஆகவே பிள்ளைக்கு இறங்கிய அம்மை அவருக்கு ஏறியது என்று சொன்னேன். மரகதம் பள்ளிக்கூடம் போக, அவர் பாயில் படுத்தார். சும்மா படுத்திருக்கத் தெரியாத மனுஷர். "ஏம் புள்ள, ஆத்தா எனக்கு எத்தனை நாளைக்கு?" என்று நாளுக்குப் பத்துத் தடவை கேட்பார்.

வேலை இல்லாத அந்த நாட்களில் எனக்கு ஒரே பொழுதுபோக்கு வாசல் தொட்டிகள்தான். தினம் கிழங்கு கழுவிய தண்ணீர் ஊற்றினேன். சாம்பல் போட்டேன். பழுத்த இலையைக் கிள்ளினேன். சுண்ணாம்பு மங்கினால் மறுபடி பூசினேன். இரண்டும் ஒரே உயரத்தில், பளபளவென்று, அப்படி ஒரு செழிப்பு! கோலா கெத்தில் பாசாரில் போய் நின்றாலும் அந்த மாதிரி தொட்டி கிடைக்காது.

அதிகாரி வந்தார். நாங்கள் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். லயத்து வாசல்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு வீட்டில் மரவள்ளிக் குச்சி, ஒரு வீட்டில் மங்கு நிறைய லாலான் புல். பாப்பாத்தி அக்கா செம்பருத்திக் கிளையை ஒடித்துச் செருகியிருந்தாள், அது பத்து மணிக்கே தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. அதிகாரி ஒவ்வொன்றையும் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டே வந்தார். கங்காணி எங்கள் வீட்டுக்கு முன்னாலேயே அவரை மறுபக்கம் திருப்பப் பார்த்தார். அதிகாரி திரும்பவில்லை. எங்கள் வாசலில் நின்றுவிட்டார்.

கங்காணி வகையாக மாட்டிக்கொண்டார். இந்த வீட்டில் அம்மை என்று சொன்னால், அம்மை வீட்டு வாசலுக்கு என்னை ஏன் கூட்டிவந்தாய் என்று அவர் கழுத்துக்குத்தான் வரும். வாயைத் திறக்கவில்லை. அதிகாரி கையுறை போட்ட விரலால் என் வேப்பங்கன்றைத் தொட்டுப் பார்த்தார். சிரித்தார். ஜப்பான் மொழியில் ஐந்து நிமிஷம் பேசினார். அவருடைய ஆள் அதை மலாயில், "பாகுஸ், பாகுஸ்" என்று அரை நிமிஷமாக்கினான். நல்லது, நல்லது என்று அர்த்தம். கிராணி அதைத் தமிழில் ஒரே வரியாக எங்களுக்குத் தந்தார்:

"பத்து நாளைக்குள்ள நாப்பது வீட்டு வாசல்லயும் இதே மாதிரி வேப்பந்தொட்டி வைக்கணும்."

எனக்குப் பரிசும் வந்தது. இரண்டு தீப்பெட்டி. அந்தக் காலத்தில் தீப்பெட்டி என்றால் தங்கம். நான் அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். பெருமைப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆகும்வரை எனக்கு உறைக்கவில்லை.

5

பத்தாம் நாள் நாற்பது வாசலிலும் வேப்பிலை. கோயில் மரத்தடியில் ஒரு கன்று மிச்சமில்லை. சின்னப் பிள்ளைகள் "ஆத்தா வீட்டுக்கு வீடு வந்துட்டா" என்று பாடிக்கொண்டு ஓடின. யார் வீட்டில் அம்மை, யார் வீட்டில் இல்லை என்று எந்தச் சாமிக்கும் தெரியாது. தொட்டியை எடுத்துவிடலாமா என்றால் உத்தரவு. வைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை.

அடுத்த லாரி வந்த விடிகாலையில் செருப்புச் சத்தம் சாக்கடையில் நிற்கவில்லை. படி ஏறி வந்தது.

"அண்ணே, உள்ள வராதீங்க. அவருக்கு இன்னும் எறங்கல" என்றேன்.

கங்காணி செருப்போடு நின்றார். என்னைக் கண்ணோடு கண் பார்க்கவில்லை.

"வேணாம் தங்கச்சி. புள்ள தெனம் ஸ்கூலுக்குப் போவுது, நான் பாக்கலயா? இத்தனை நாள் ஆத்தாளுக்குப் பயந்து நின்னேன். இப்ப நாப்பது வாசலுக்கும் பயந்துக்கிட்டு நின்னா லாரி எப்படி நெறையும்? நெறையலன்னா என்னைய ஏத்துவான். எனக்கும் புள்ளைங்க இருக்கு."

காலில் விழுந்தேன். மடியிலிருந்த தீப்பெட்டிகளை எடுத்து நீட்டினேன். எவ்வளவு பைத்தியக்காரத்தனம்! அவர் வாங்கவில்லை, அதையாவது சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். தூங்கிக்கொண்டிருந்த மரகதத்தின் தலையைத் தொட்டார். படியில் நின்று இரண்டு தொட்டிகளையும் ஒரு தடவை பார்த்தார். அவருக்கு என் மேல் கோபம் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிரித்தார்.

"ரொம்ப அழகா வச்சுட்ட புள்ள. அடுத்த தடவ கொஞ்சம் அசிங்கமா வை."

லாரி போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் என்னைத் திட்டாத நாள் கிடையாது. ஊரில் இல்லாத செடியைக் கொண்டுவந்தேனா? இல்லை. வேப்பங்கன்றுதான். அதை எல்லாரையும் போல ஏனோதானோ என்று நட்டிருந்தால் அந்த அதிகாரி என் வாசலிலும் மூக்கைச் சுளித்துக்கொண்டு போயிருப்பார். என் வீட்டு வேப்பிலை என் வீட்டு வேப்பிலையாகவே இருந்திருக்கும். சுண்ணாம்பு, காவிப்பட்டை, கிள்ளிய நுனி! அழகு பார்த்தேனே, அழகு! ஆத்தா கொடுத்த மறைப்பை நானே அலங்காரமாக்கிக் கெடுத்தேன்.

6

இரண்டரை வருஷம். அந்தக் கதையை எழுதினால் தம்பி கேட்ட மென்மை மிச்சமிருக்காது. ஒன்று மட்டும். நடுவில் ஒருநாள், கெடாவை ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டான் என்று கொடியை மாற்றினார்கள். மறுபடி புதுக் காகிதம், புது வணக்கம். அவரைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள், பின்னாலேயே சயாம் இங்கே வந்தது. வந்ததுதான் வந்தது, அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா?

மற்றவர்கள் வாசல் தொட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. சோப்பு இல்லாமல் எல்லாருக்கும் சொறி பிடித்திருந்தது. அரைத்துப் பூசுவதற்கு வேப்பிலையை உருவி உருவி முப்பத்தொன்பது வீட்டிலும் குச்சிதான் நின்றது. அதுவும் அடுப்புக்குப் போயிற்று. என்னுடையது மட்டும் நின்றது. வேண்டிக்கொண்டேனே, எப்படி எடுப்பது? மரகதத்தின் உடம்பில் ஒரு முத்துப் போடவில்லை. ஆத்தா தன் பேச்சைக் காப்பாற்றிவிட்டாள், நான் என்னுடையதைக் காப்பாற்ற வேண்டும். ஊற்றினேன். ஆனால் சுண்ணாம்பு பூசவில்லை. நுனி கிள்ளவில்லை. அவை தாறுமாறாக வளர்ந்து, எனக்கு மேலே போய், படியையே மறைத்தன.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து ஒருவர் இருவராகத் திரும்பினார்கள். பாப்பாத்தி அக்காவின் புருஷன் வரவில்லை. என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால் ஒருவர் பார்த்தேன் என்பார், இன்னொருவர் பார்க்கவில்லை என்பார்.

ஒருநாள் மத்தியானம் நான் குசினியில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். மரகதம் உள்ளே ஓடிவந்தாள்.

"அம்மா, ரோட்டுல ஒரு தாத்தா ரொம்ப நேரமா நிக்கறாரு. நம்ம வீட்டையே பாக்கறாரு. நான் கும்பிட்டேன், பேசமாட்றாரு."

அவள் இன்னும் இடுப்பை வளைத்துத்தான் கும்பிடுவாள். ஜப்பான்காரன் போனது அவள் இடுப்புக்குத் தெரியாது.

"பிச்சைக்காரரா இருக்கும். கெழங்கு இருக்குன்னு சொல்லு."

போனாள், திரும்பி வந்தாள்.

"கெழங்கு வேணாமாம். உங்க வீட்டுல யாருக்கு அம்மைன்னு கேக்கறாரு. ஒரு சின்னப் புள்ள இருந்துச்சே, அது உசுரோட இருக்கான்னு கேக்கறாரு."

கரண்டியை அப்படியே போட்டேன். வெளியே ஓடினேன். வேப்பங்கிளை முகத்தில் அடித்தது. விலக்கிக்கொண்டு பார்த்தால், சாக்கடைக்கு அந்தப் பக்கம், சாக்குத் துணி கட்டி, தலைமயிர் கொட்டி, ஒரு காலில் புண்ணுக்கு இலை வைத்துக் கட்டி, எலும்பாக ஒருவர். மற்ற முப்பத்தொன்பது வாசலும் மொட்டையாக இருக்க, அவர் வீட்டு வாசலில் மட்டும் வேப்பிலை காடாக நிற்கிறது. பார்த்தவர் என்ன நினைப்பார்? சோபனம் என்றா நினைப்பார்?

ஆறு கல் நடந்து வந்த மனுஷர், வீட்டு வாசல் வரை வந்துவிட்டு, வெயிலில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். தன் பிள்ளையிடமே தன் பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டு.

"யாருக்கும் இல்ல! யாருக்கும் ஒண்ணும் இல்ல! உள்ள வாங்க!" என்று கத்தினேன்.

அவர் அசையவில்லை.

"புள்ளைக்கா?" என்றார்.

"இவதான் உங்க புள்ள! இந்தா நிக்கறா! வாங்கன்னா வாங்களேன்!"

"நான் சீக்குக் கெடந்த ஒடம்பு. ஆத்தா இருக்கிற வீட்டுக்குள்ள..."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. இத்தனை வருஷத்து உத்தரவுகள், கொடிகள், கடிகாரங்கள், கங்காணி, அந்த அதிகாரி, என் வேண்டுதல், எல்லாவற்றின் மேலும் சேர்த்து வந்தது. "மன்னிச்சுக்க தாயே" என்று சொல்லிக்கொண்டே வலது பக்கத் தொட்டியை ஒரே உதை. துருப்பிடித்த டின் உடைந்து, மரம் சாக்கடைக்குள் சாய்ந்தது. இடது பக்கத்தையும் தள்ளினேன். கை கிழிந்தது. வாசல் வெறுமையாக வெளிச்சமானது. அப்புறம்தான் அவர் காலை எடுத்துவைத்தார்.

மரகதம் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் படியில் உட்கார்ந்து, சாய்ந்து கிடந்த இலைகளைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கச் சொன்னார்:

"அசிங்கமாத்தான் வச்சிருந்த. அதுக்கும் பலன் இல்லையே புள்ள."

மறுநாள் பாப்பாத்தி அக்காவின் ஆடு இரண்டு மரத்தையும் மொட்டையடித்துவிட்டது. ஆத்தா கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்குக் காய்ச்சல் மட்டும் இன்னும் மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறது. மரகதம் அவரை அப்பா என்று கூப்பிடப் பாதி வருஷம் ஆயிற்று.

7

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கிராணி வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் அதே காகிதம்.

"அம்மா, முப்பத்தொம்பது வீடு வைக்கறோம்னு சொல்லியாச்சு. உங்க வீடு மட்டும்தான் பாக்கி. ஒரே ஒரு மங்குல, ஒரு பட்டுரோஜா? துரைசாணி வர்றப்ப எனக்குத்தான் லா மானம் போவும்."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், "வையேன் புள்ள, என்னமா அழகா வைப்ப" என்று சிரித்துக்கொண்டே குரல் கொடுக்கிறார். வாய் மட்டும் இன்னும் குறையவில்லை.

"காரணம் எழுதணுமில்ல? எழுதிக்குங்க" என்றேன் கிராணியிடம். "இந்த வீட்டு ஆள் சாயங்காலம் ஸ்டோர்லேருந்து நொண்டிக்கிட்டு வருவாரு. வர்றவரு வாசல்ல ஒரு விநாடிகூட நிக்கக் கூடாது. நேரா உள்ள வரணும்."

கிராணி பேனாவை எடுத்தார். ஒன்றும் எழுதாமல் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, என் வாசல் வழியாகத் தடங்கல் இல்லாமல் இறங்கிப் போனார்.